காரின் ஹட் (ஹெட்-அப் டிஸ்ப்ளே) பிம்பம் தெளிவாகத் தெரிய: கண்ணில் தொடங்கிப் பின்னோக்கிப் போகும் முழு வழிகாட்டி

ஜூரு பக்கம் லாரியிலிருந்து தெறித்த ஒரு கல் என் மச்சானின் காரின் முன்கண்ணாடியைப் பிளந்துவிட்டது. பட்டர்வொர்த்தில் ஒரு கடையில் அன்று மாலையே புதுக் கண்ணாடி மாட்டிக் கொடுத்தார்கள். மறுநாள் விடியற்காலை மச்சான் பினாங்குப் பாலத்தைத் தாண்டியதும் எனக்கு அழைப்பு வந்தது.

"மச்சான், வேகம் ரெண்டு ரெண்டா தெரியுது. எழுபத்தெட்டுக்கு மேல இன்னொரு எழுபத்தெட்டு மங்கலா ஒட்டிக்கிட்டு நிக்குது. கண் டாக்டர்கிட்ட போகணுமா?"

"வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தியா?"

"முழுசா கூட்டிட்டேன். ரெண்டுமே பளிச்சுன்னு ஆயிடுச்சு."

கண்ணில் கோளாறு இல்லை, டிஸ்ப்ளேயிலும் கோளாறு இல்லை. அவன் காரில் வேகத்தை முன்கண்ணாடியில் காட்டும் ஹெட்-அப் டிஸ்ப்ளே உண்டு; கடைக்காரர் மாட்டியது அது இல்லாத ரகத்துக்கான கண்ணாடி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும்.

பாயான் லெப்பாஸில் ஒளியியல் சோதனை மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் நான். ஹெட்-அப் டிஸ்ப்ளேயை நாங்கள் 'ஹட்' என்றே சொல்வோம். படம் சரியில்லை என்றதும் எல்லாருடைய கையும் முதலில் வெளிச்சப் பொத்தானுக்குத்தான் போகிறது. அது கடைசியாகத் தொட வேண்டிய பொத்தான். ஒளி புரொஜெக்டரில் கிளம்பிக் கண்ணில் முடிகிறது. கோளாறைத் தேடும்போது எதிர்த்திசையில் வர வேண்டும்: முதலில் கண், பிறகு கண்ணாடி, பிறகு ஆடி, கடைசியில் விளக்கு. இந்த வழிகாட்டியும் அதே வரிசையில் போகிறது.

முதலில்: நீங்கள் பார்ப்பது எங்கே இருக்கிறது?

டாஷ்போர்டுக்குள் ஒரு சின்னத் திரை. அதன் படத்தைக் குழி ஆடி ஒன்று பெரிதாக்கி முன்கண்ணாடியின் மேல் வீசுகிறது. கண்ணாடி அதில் ஒரு பகுதியை உங்கள் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது. எண்கள் கண்ணாடியில் ஒட்டியிருப்பதுபோலத் தோன்றினாலும், அவை பள்ளியில் படித்த மாய பிம்பம்தான். சாதாரணக் கார்களில் அது கண்ணிலிருந்து 2 முதல் 2.5 மீட்டர் தூரத்தில், கிட்டத்தட்ட முன்பானட்டின் நுனியில் நிற்கும். சாலையோடு படத்தைப் பொருத்தும் புதிய ரகங்களில் 7 முதல் 15 மீட்டர் வரை தள்ளி நிற்கும்.

விமானத்தில் அது முடிவிலியில் நிற்கும். கதிர்கள் இணையாக வருவதால், ஓடுபாதையைப் பார்க்கும் விமானியின் கண் குறியீட்டைப் பார்க்கத் தனியாகக் குவிய வேண்டியதில்லை. போர் விமானங்களின் குறிபார்க்கும் கருவியிலிருந்து வளர்ந்த நுட்பம் இது. விற்பனைக் காருக்கு 1988இல்தான் வந்தது. அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில், ஜப்பானில் நிசான் அதே ஆண்டு பொருத்தின. நம் பட்டர்வொர்த் விமானப்படைத் தளத்தில் இருக்கும் எஃப்/ஏ-18டி விமானங்களிலும் விமானியின் முகத்துக்கு நேரே இப்படி ஒரு கண்ணாடித் தட்டு உண்டு. அதற்குக் கம்பைனர் என்று பெயர். காரில் அந்த வேலையை முன்கண்ணாடியே செய்கிறது. பெரும்பாலான சிக்கல்கள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

முதல் படி: இருக்கையைச் சரிசெய்யுங்கள்

ஹட் பிம்பம் எங்கிருந்து பார்த்தாலும் தெரிவதில்லை. கண் இருக்க வேண்டிய ஒரு சிறிய கற்பனைப் பெட்டி உண்டு, ஐபாக்ஸ் என்பார்கள். பல கார்களில் அது ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் உயரம். இரு கண்களுக்கு இடையே சராசரியாக 6.3 சென்டிமீட்டர் என்பதால் பக்கவாட்டில் ஓரளவு இடம் இருக்கிறது, மேல்கீழாக இடம் குறைவு. படத்தின் மேல்வரியோ கீழ்வரியோ வெட்டுப்பட்டுத் தெரிந்தால் கண் பெட்டியின் விளிம்பில் இருக்கிறது என்று பொருள்.

வழக்கமாக ஓட்டும்போது எப்படி உட்காருவீர்களோ அப்படியே உட்காருங்கள், சோதனைக்காக நிமிர வேண்டாம். முதுகுச் சாய்வையும் இருக்கை உயரத்தையும் சரிசெய்து முடித்த பிறகே ஹட் மெனுவுக்குப் போங்கள். அங்கே உயரம் மாற்றும்போது பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஆடியை ஒரு சிறு மோட்டார் சாய்க்கிறது. பெட்டியே மேலேயோ கீழேயோ நகர்கிறது. நான்கு மூலைகளும் ஒரே அளவு பிரகாசமாகத் தெரியும் இடத்தில் நிறுத்திவிட்டு, அதை இருக்கை நினைவகத்தில் சேமியுங்கள். வீட்டில் அண்ணி ஒரு நாள், அண்ணன் ஒரு நாள் ஓட்டும் கார் என்றால் இருவருக்கும் தனித்தனியாகச் சேமிக்க வேண்டும்.

விமானிகள் இதை ஒரு சடங்குபோலவே செய்கிறார்கள். ஏர்பஸ் விமானங்களில் முன்கண்ணாடிகளின் நடுத்தூணில் சிறு வண்ண உருண்டைகள் இருக்கும். ஒன்று இன்னொன்றை மறைக்கும்வரை விமானி இருக்கையை நகர்த்துவார். அப்போதுதான் கண் வடிவமைப்பாளர் நினைத்த புள்ளியில் வந்து நிற்கிறது. காரில் அந்த உருண்டைகள் இல்லை, அதனால் படத்தின் நான்கு மூலைகளையே அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: துடையுங்கள்

இதைப் பலர் அலட்சியப்படுத்துகிறார்கள். நம் ஊர் வெயிலில் நிறுத்திய காரில் டாஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து ஆவி கிளம்பி முன்கண்ணாடியின் உட்பக்கத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலமாகப் படிகிறது. விரலால் தேய்த்தால்தான் தெரியும். ஹட் ஒளி முதலில் மோதுவது அந்தப் படலத்தில்தான். எழுத்தைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்தால், குறிப்பாக இரவில் தெரிந்தால், காரணம் பெரும்பாலும் இந்தப் படலம்தான்.

உட்பக்கத்தை அமோனியா இல்லாத திரவத்தால், சுத்தமான மைக்ரோஃபைபர் துணியில் தெளித்துத் துடையுங்கள். கண்ணாடியில் நேராகத் தெளிக்க வேண்டாம். பிறகு காய்ந்த துணியால் இன்னொரு முறை. டாஷ்போர்டில் ஹட் ஒளி வெளியே வரும் வாயின் மூடி வேறு விஷயம். அது மெல்லிய பிளாஸ்டிக், அழுத்தினால் கீறும். முதலில் தூசியை ஊதிவிட்டு, ஈரத்துணியால் தடவினால் போதும். அது வளைந்திருப்பதற்குக் காரணம் உண்டு: மேலிருந்து விழும் சூரிய ஒளியை உங்கள் கண்ணுக்கு அனுப்பாமல் வேறு பக்கம் திருப்பவே அந்த வளைவு. அதன்மேல் எதையும் வைக்காதீர்கள்.

நம்மவர் கார்களில் டாஷ்போர்டில் பிள்ளையார் இருப்பார், சாமந்திச் சரமும் இருக்கும். பிள்ளையாரை நடுவிலோ இடப்பக்கமோ வையுங்கள். ஓட்டுநர் பக்கத்தில் வைத்தால் அவருடைய நிழலுருவும் பூவின் மஞ்சளும் சரியாக எண்கள் விழும் இடத்தில் கண்ணாடியில் பிரதிபலிக்கும். பளபளக்கும் டாஷ்போர்டு பாலிஷுக்கும் இதே கதிதான். மங்கலான கறுப்பு டாஷ்போர்டே நல்லது.

மூன்றாம் படி: இரட்டை பிம்பம்

இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் இரட்டை என்று மக்கள் சொல்வது ஒன்றல்ல.

காரை நிழலில் நிறுத்தி, ஹட்டில் ஓர் எண் நிற்கும்போது ஒரு கண்ணை மூடுங்கள். இரட்டை மறைந்துவிட்டால் அது கண்ணாடியின் பிழையல்ல. நீங்கள் 30 மீட்டருக்கு அப்பால் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்க, எண் 2 மீட்டரில் நிற்கிறது. இரு கண்களின் கோணமும் பொருந்தாததால் பக்கவாட்டில் இரண்டாகத் தெரிகிறது. இது எல்லாருக்கும் நடக்கும். ஒரு விரலை முகத்துக்கு முன் நீட்டித் தூரத்தைப் பாருங்கள், விரல் இரண்டாகும். பிம்பத்தைத் தூரமாகத் தள்ளும் புதிய ரகங்கள் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு கண்ணை மூடியும் இரட்டை நிற்கிறதா? மேலும் கீழுமாக நிற்கிறதா? அப்படியானால் அது கண்ணாடி.

முன்கண்ணாடி ஒற்றைத் துண்டல்ல. 2.1 மில்லிமீட்டர் கண்ணாடி இரண்டு, நடுவில் 0.76 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் படலம் என்பது வழக்கமான அமைப்பு. மொத்தம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். ஒளி உட்பரப்பில் ஒருமுறை பிரதிபலிக்கிறது. மீதி உள்ளே போய் வெளிப்பரப்பில் மோதி மீண்டும் திரும்பி வருகிறது. சுமார் 60 பாகைச் சாய்வில் கணக்கிட்டால், இரண்டாவதாக வரும் ஒளி முதலாவதின் மூன்றில் இரண்டு பங்கு வரை இருக்கும். பேய்போல ஒட்டிக்கொண்டு நின்ற மச்சானின் இரண்டாவது எழுபத்தெட்டு அதுதான்.

அந்த இரண்டு கதிர்களுக்கும் இடையே 3.5 மில்லிமீட்டர் இடைவெளி விழுகிறது. பிம்பம் 2.2 மீட்டரில் இருந்தால் அது கண்ணுக்கு 5 கோண நிமிடத்துக்கு மேல் (ஒரு கோண நிமிடம் என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு). நல்ல கண் 1 நிமிடத்தையே பிரித்தறியும். ஆகவே பளிச்சென்று இரண்டாகத் தெரியும். பிம்பம் 7.5 மீட்டரில் என்றால் 1.6 நிமிடம்தான். முடிவிலியில் என்றால் பூஜ்யம்: இணையான கதிர்கள் தட்டையான கண்ணாடியில் எத்தனை முறை பிரதிபலித்தாலும் ஒரே திசையில்தான் வருகின்றன. விமானியின் தட்டையான கம்பைனரில் இந்தத் தொல்லை பெரிதாகத் தலைதூக்காததற்குக் காரணம் இந்த எளிய வடிவியலே. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்து உண்மையிலேயே பரவசப்பட்டேன்.

காரில் இதற்கு மருந்து, நடுப்படலத்தை ஆப்பு வடிவில் செய்வது. கீழே மெலிந்து மேலே தடித்திருக்கும். கோணம் மிகச் சிறியது, ஒரு மில்லிரேடியனில் பாதி என்ற அளவில். ஒரு மீட்டர் உயரத்துக்கு அரை மில்லிமீட்டர் வித்தியாசம். அந்தச் சிறு சாய்வு இரண்டாவது கதிரைத் திருப்பி முதலாவதின் மேல் போட்டுவிடுகிறது. கண்ணால் பார்த்து இந்தக் கண்ணாடியை அடையாளம் காண முடியாது. சில தயாரிப்பாளர்கள் ஓரத்தில் குறி பொறிக்கிறார்கள்; மற்றபடி பாக எண்தான் ஒரே ஆதாரம்.

ஆகவே இரட்டை பிம்பம் தெரிந்தால் செய்ய வேண்டியது:

1. கண்ணாடி எப்போதாவது மாற்றப்பட்டதா என்று விசாரியுங்கள். பழைய கார் வாங்கியவர்கள் முந்தைய உரிமையாளரைக் கேளுங்கள்.
2. மாற்றப்படவில்லை என்றால் தலையை மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள். இடைவெளி ஓரிடத்தில் மறைந்து இன்னோரிடத்தில் விரிந்தால் ஆப்புப் படலம் இருக்கிறது, உங்கள் கண்தான் அதற்கான உயரத்தில் இல்லை. ஆப்பு ஒரு சராசரி உயரத்துக்காக வெட்டப்பட்டது. முதல் படிக்குத் திரும்பி இருக்கையை ஓரிரு சென்டிமீட்டர் மாற்றுங்கள்.
3. எங்கே அசைந்தாலும் இடைவெளி போகவில்லை என்றால் சாதாரணக் கண்ணாடி மாட்டப்பட்டிருக்கிறது. எந்த மெனுவும் இதைச் சரிசெய்யாது. கண்ணாடியை மாற்றத்தான் வேண்டும்.

டிண்ட் பிலிம் பற்றி எல்லாரும் கேட்பார்கள். மலேசியாவில் முன்கண்ணாடி குறைந்தது 70 விழுக்காடு ஒளியைக் கடத்த வேண்டும் என்பது விதி. நன்றாக ஒட்டிய வழவழப்பான பிலிம் இரட்டையைக் குறைக்கவே செய்யும். வெளிப்பரப்பிலிருந்து வரும் இரண்டாவது கதிர் பிலிமைப் போகும்போது ஒருமுறையும் வரும்போது ஒருமுறையும் கடந்து களைத்துப்போகிறது. முதல் கதிர் பிலிமின் மேற்பரப்பிலேயே திரும்பிவிடுவதால் அது தேய்வதில்லை. ஆனால் அதே காரணத்தால் பிலிமில் சிறு குமிழோ தூசியோ பசையின் அலையோ இருந்தால் எண் வளைந்து நெளியும். ஹட் விழும் பகுதியில் ஒரு குமிழ்கூட இருக்கக் கூடாது என்று ஒட்டுபவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். உலோகப் பூச்சுள்ள பிலிமை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் உலோக அடுக்கு தனியாக ஒரு பிரதிபலிப்பைச் சேர்த்துவிடும்.

நான்காம் படி: கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள்

பகலில் மட்டும் ஹட் காணாமல் போகிறதா? போலரைஸ்டு சன்கிளாஸைக் கழற்றுங்கள். படம் திரும்பி வந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

ஒளி அலை பல திசைகளில் அதிர்கிறது. சாய்ந்த கண்ணாடி கிடைமட்டமாக அதிரும் ஒளியைத்தான் நன்றாகத் திருப்புகிறது: 60 பாகையில் அதில் 18 விழுக்காடு திரும்பும். செங்குத்தாக அதிர்வதில் திரும்புவது 0.2 விழுக்காடுகூட இல்லை. புரூஸ்டர் கோணம் என்று பாடத்தில் படித்தது இதைத்தான். கண்ணாடிக்கு அது சுமார் 57 பாகை, முன்கண்ணாடியின் சாய்வுக்கு மிக அருகில். சாலையிலும் கடலிலும் எழும் கண்கூச்சமும் கிடைமட்டமே. போலரைஸ்டு சன்கிளாஸ் அதைத் தடுக்கத்தான் செய்யப்பட்டது, கூடவே ஹட்டையும் தடுத்துவிடுகிறது.

போலரைஸ் செய்யாத, சாம்பல் நிறச் சன்கிளாஸ் போதும். விமானிகளுக்கும் போலரைஸ்டு வேண்டாம் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள், கருவித் திரைகளும் இருண்டுவிடும் என்பதால். சில புதிய கார்கள் செங்குத்து ஒளியைப் பயன்படுத்திக் கண்ணாடியில் தனிப் பூச்சு போடுகின்றன. அந்த முறையில் இரட்டை பிம்பமும் சேர்ந்தே அடங்கிவிடுகிறது. எனக்குப் பிடித்த தீர்வு அதுதான்.

ஐந்தாம் படி: இப்போது வெளிச்சம்

பின்னணியும் படமும் சேர்ந்த பிரகாசத்தைப் பின்னணியின் பிரகாசத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் ஒளி வேறுபாடு. உங்கள் ஹட் 10,000 நிட் (பிரகாசத்தின் அலகு) தருகிறது, பின்னால் 5,000 நிட் சாலை என்றால் விகிதம் 3. எண் துல்லியமாகத் தெரியும். அதே எண்ணை வெயில் பட்ட 30,000 நிட் வெள்ளை மேகத்தின் மேல் வைத்தால் 1.33, எண் கரைந்துபோகும். விமான ஹட்டுக்கு அந்த மேகம்தான் தினசரிப் பின்னணி. 1.2 விகிதம் கிடைத்தாலே குறியீட்டைப் படித்துவிடலாம் என்ற கணக்கில் அதை வடிவமைக்கிறார்கள்.

அதனால் படம் எதன்மேல் விழுகிறது என்பது வெளிச்சத்தைவிட முக்கியம். சூரியன் மறையப்போகும் மாலை நேரத்தில் பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்குப் பாலத்தில் வரும்போது அது நேர் எதிரே நிற்கும். படம் தொடுவானத்தில் விழுந்தால் எந்த ஹட்டும் தோற்கும். அதைத் தாழ்த்தி, தாரின் மேல் விழ வையுங்கள். ஆனால் முன்னே போகும் காரின் பிரேக் விளக்கை மறைக்கும் அளவுக்குப் படம் குறுக்கே வரக் கூடாது.

இரவில் நிலைமை தலைகீழ். பகல் வெளிச்சத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். தானாக மாறவில்லை என்றால் டாஷ்போர்டிலோ கண்ணாடியின் உச்சியிலோ இருக்கும் ஒளி உணரியைத் தேடுங்கள். டாஷ்போர்டு விரிப்போ டோல் கருவியோ அதை மூடியிருக்கலாம்.

இரவில் எண்களைச் சுற்றிச் சாம்பல் நிறச் சதுரம் ஒன்று மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். போஸ்ட்கார்டு என்று தொழிலில் சொல்வோம். எல்சிடி திரை கறுப்பு என்று காட்டும் இடத்திலும் பின்விளக்கு கசிகிறது. வெளிச்சத்தைக் குறைத்தால் அதுவும் குறையும், முழுதாகப் போகாது. நுண்ணாடிகளால் ஒளியைத் திருப்பும் டிஎல்பி வகையில் இது வெகு குறைவு. பழைய போர் விமானங்களின் குழாய்த் திரையில் இந்தத் தொல்லையே இல்லை: எலெக்ட்ரான் கற்றை கோடுகளை மட்டும் பேனாபோல வரையும், மற்ற இடத்தைத் தொடவே தொடாது. பகலில் அவ்வளவு பிரகாசம் கிடைத்ததும் அதனால்தான்.

நிறம் மாற்ற முடிந்தால் பச்சையோ வெள்ளையோ எடுங்கள். பகலில் கண் மிக அதிகமாக உணர்வது 555 நானோமீட்டர் பச்சை. விமான ஹட்டின் குழாய்த் திரையில் ஒளிரும் பூச்சான பாஸ்பர் 545 நானோமீட்டரில் ஒளிர்வதும், கம்பைனரின் பூச்சு அந்த ஒரு நிறத்தை மட்டும் திருப்பி மற்றதைக் கடக்க விடுவதும் இதையொட்டித்தான். மெல்லிய சிவப்பு எழுத்தை வெயிலில் நம்பாதீர்கள்.

வெயில் பற்றி இன்னொன்று. ஒளி எந்தப் பாதையில் வெளியே வருகிறதோ அதே பாதையில் உள்ளேயும் போகும். உச்சி வெயில் ஹட் வாயில் நுழைந்து குழி ஆடியில் பட்டால், பூதக்கண்ணாடியில் காகிதம் எரிப்பதுபோல அது சிறு திரையின்மேல் குவிகிறது. நமக்கு ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் முற்பகுதியிலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வரும். பட விளிம்பில் மஞ்சள் கறையோ நிரந்தரக் கறுப்புப் புள்ளியோ தோன்றினால் திரை வெந்துவிட்டது என்று சந்தேகிக்கலாம். திறந்த வெளியில் நிறுத்தும்போது வெயில் மறைப்பைப் போடுவது இருக்கை சுடாமல் இருக்க மட்டுமல்ல.

ஆறாம் படி: வளைவும் சாய்வும்

முன்கண்ணாடி தட்டையல்ல, எந்த இரண்டு இடத்திலும் ஒரே வளைவும் இல்லை. அதனால் ஹட்டின் ஆடியை அதற்கு எதிர்வளைவாகச் செதுக்கி, மிச்சத்தை மென்பொருள் முன்கூட்டியே எதிர்ப்பக்கம் வளைத்துக் காட்டுகிறது. படம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் மெனுவில் சுழற்சி என்ற தேர்வு இருக்கும். ஒரு மட்டச் சுவருக்கு முன் நிறுத்திச் சரிசெய்யுங்கள். நேர்க்கோடு வில்லாக வளைந்தால் அது பணிமனை வேலை, மெனுவில் தீராது.

சொந்தமாக ஹட் உருவாக்கும் மாணவர்களுக்குச் சுருக்கமாக: சம இடைவெளியில் புள்ளிக் கட்டம் ஒன்றைத் திரையில் காட்டுங்கள். ஐபாக்ஸின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் கேமராவை வைத்துப் படமெடுங்கள். ஒவ்வொரு புள்ளியும் எங்கே இருக்க வேண்டும், எங்கே விழுந்தது என்று அட்டவணை போட்டு, அதன் தலைகீழ் மாற்றத்தைப் படத்துக்குக் கொடுங்கள். நடுவுக்கு மட்டும் சரிசெய்து நிறுத்தினால் தலை அசைந்ததும் கோடு நெளியும்; மூலைகளையும் சேர்த்து எடைபோட வேண்டும். கூர்மைக்கு ஒரு பாகைக்கு 60 படப்புள்ளி என்பது குறைந்தபட்சம். 6 பாகை அகலத்துக்கு 480 புள்ளிகள் என்றால் பாகைக்கு 80, அது போதும்.

சாலையோடு அம்புக்குறியைப் பொருத்த நினைத்தால் தாமதத்தைக் கவனியுங்கள். மணிக்கு 90 கிலோமீட்டரில் கார் ஒரு வினாடியில் 25 மீட்டர் போகிறது; 100 மில்லிவினாடித் தாமதம் என்றால் அம்பு 2.5 மீட்டர் பிந்தி நிற்கும். வளைவில் இன்னும் மோசம். காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் தவறான சிம்பாங்கை (சந்தியை) காட்டும் அம்பு ஆபத்தானது.

கைபேசியையும் தனிக் கருவியையும் வைத்திருப்பவர்களுக்கு

டாஷ்போர்டில் கைபேசியைக் கிடத்தி எண்ணைக் கண்ணாடியில் பிரதிபலிக்க வைக்கும் செயலிகள் உண்டு. அங்கே குழி ஆடி இல்லை. பிம்பம் கண்ணிலிருந்து ஒரு மீட்டருக்குள்தான் நிற்கும். 70 சென்டிமீட்டர் என்று வைத்தால் இரட்டையின் இடைவெளி 17 கோண நிமிடம். ஆப்புக் கண்ணாடி இருந்தாலும் உதவாது, அந்த ஆப்பு வேறு தூரத்துக்காக வெட்டப்பட்டது.

செய்யக்கூடியது இரண்டு. கருவியோடு வரும் பிரதிபலிப்புப் படலத்தைக் கண்ணாடியின் உட்பக்கத்தில் குமிழின்றி ஒட்டுங்கள். முதல் பிரதிபலிப்பு வலுப்பதால் இரண்டாவது கண்ணில் படாது. அல்லது ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள தனிக் கம்பைனர் தட்டு இருக்கும் கருவியை வாங்குங்கள். தடிமன் ஐந்தில் ஒன்றானால் இடைவெளியும் ஐந்தில் ஒன்றாகிறது. 2013இல் வந்த மஸ்டா 3 தலைமுறையில் எழுந்து நிற்கும் சிறு தட்டு இந்த வகைதான். எதைச் செய்தாலும் பார்வைக்கு நடுவே ஒட்டாதீர்கள்.

கண்ணாடி மாற்ற நேர்ந்தால்

மச்சானின் கதையில் பணம் இரண்டு முறை போனது. அது உங்களுக்கு நடக்கக் கூடாது. கடைக்குப் போகும் முன் காரின் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, விற்பனை நிலையத்தில் ஹட் ரகக் கண்ணாடியின் பாக எண்ணை எழுதி வாங்குங்கள். விலைப்பட்டியலில் அந்த எண் அப்படியே இருக்க வேண்டும். "அதே மாடல்தான் அண்ணே" என்ற வார்த்தையை ஏற்காதீர்கள். ஒட்டுவதற்கு முன் புதுக் கண்ணாடியின் ஓரத்து முத்திரையையும் பெட்டியின் எண்ணையும் கைபேசியில் படமெடுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் தடம் பார்க்கும் கேமரா இருந்தால் அதற்கும் மறுசீரமைப்பு வேண்டும், அதையும் விலையில் சேர்க்கச் சொல்லுங்கள்.

காப்புறுதியில் முன்கண்ணாடிக்கான தனிச் சேர்ப்பு எடுத்திருந்தால் அதில் கோரிக்கை வைப்பது என்சிடி சலுகையை (கோரிக்கை வைக்காதவர்களுக்கான தள்ளுபடியை) குறைக்காது. ஆனால் அந்தச் சேர்ப்பின் தொகையைச் சாதாரணக் கண்ணாடி விலைக்கு எழுதிவிட்டு, பிறகு ஹட் கண்ணாடிக்கும் டிண்டுக்கும் கைக்காசு போடுபவர்கள் பலர். காப்புறுதியும் சாலை வரியும் புதுப்பிக்கும்போதே விற்பனை நிலையத்தில் விலை கேட்டு, அந்தத் தொகையைச் சரியாக எழுதச் சொல்லுங்கள்.

புதுக் கண்ணாடி ஒட்டியதும் கடையிலேயே, நிழலில், ஹட்டைப் போட்டு ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். தலையை மேலும் கீழும் அசையுங்கள். கைபேசிக் கேமராவைக் கண் இருக்கும் இடத்தில் பிடித்து எண்ணைப் பெரிதாக்கிப் படமெடுங்கள். அதன் பிறகு பணம் கொடுங்கள்.